குளிர்நீர்ச் சூரையும் பினாங்குத் துறைமுகமும்



நம் தோட்ட வீடுகளில் மீன் டின்னுக்கு என்றும் ஓர் இடம் உண்டு. மழை விடாமல் பெய்து மீன்காரரின் மோட்டார்சைக்கிள் வராத நாளில், வெங்காயத்தையும் மிளகாயையும் வதக்கி ஒரு டின்னை உடைத்துக் கொட்டினால் ஒரு வேளைக் குழம்பு ஆகிவிடும். முன்பு அது பெரும்பாலும் சார்டின் டின்னாகவே இருந்தது. இப்போது அதன் பக்கத்தில் டுனா டின்னும் வந்து உட்கார்ந்துவிட்டது. எம் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் அந்த டின்னைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாள் கேட்டான்: "சார், பினாங்கு நமக்குப் பக்கம்தானே! கடலும் அங்கேதானே இருக்கிறது! இந்த மீனைப் பினாங்கில்தான் பிடிக்கிறார்களா?"

கேள்வி சிறியது. பதில் சொல்லப் புகுந்தால் அது இந்துமாக்கடல் முழுவதையும் சுற்றி வரச் செய்கிறது. இந்த மீன் பினாங்குக் கடலில் பிடிபடவில்லை; ஆயினும் பல ஆண்டுகள் பினாங்குத் துறைமுகத்துக்கு வந்தது; பிறகு போய்விட்டது. ஏன் வந்தது, ஏன் போயிற்று என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட செய்தி. தோட்டத்தில் வாழும் நமக்கு இந்த வரலாற்றில் தெரிந்துகொள்ள வேண்டிய பாடமும் ஒன்று இருக்கிறது.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுவோம். டுனா என்று டின்னில் எழுதியிருக்கும் மீனுக்குத் தமிழில் சூரை என்று பெயர். தமிழ்நாட்டுக் கடற்கரையிலும் இலங்கையிலும் இப்பெயரைக் கேட்கலாம். மலாய் மக்கள் தொங்கோல் என்றும் ஆயா என்றும் சொல்லிச் சந்தையில் விற்பது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய மீன். அது கரையோரக் கடலில் வாழ்வது. கெடா, பெர்லிஸ் கரைகளுக்கு அப்பால் வலைகளில் அகப்படுவது. ஆனால் குடும்பத்தின் பெரிய உறுப்பினர்கள் வேறு. மஞ்சள் துடுப்புச் சூரை, பெருங்கண் சூரை, அல்பகோர் என்னும் நீண்ட துடுப்புச் சூரை ஆகியவை திறந்த மாக்கடலில் திரிபவை. முதல் இரண்டும் நன்றாக வளர்ந்தால் நூறு கிலோவையும் தாண்டும். உருவத்தில் சிறிய வரிச்சூரையும் மாக்கடல் மீன்தான். உலகெங்கும் டின்னில் அடைக்கப்படுவதில் பெரும்பங்கு இந்த வரிச்சூரையே.

இந்தப் பெரிய மீன்கள் மலாக்கா நீரிணைக்குள் ஏன் வருவதில்லை? பினாங்கின் முன்னே கிடக்கும் கடல் ஆழமற்றது. ஆற்று நீரும் சேறும் கலந்து கலங்கியிருப்பது. மேலிருந்து அடிவரை வெதுவெதுப்பானது. பெரிய சூரைக்கு வேண்டியது தெளிந்த நீரும் ஆழமும். நீரிணையின் வடக்கு வாயைக் கடந்து, ஆச்சே முனைக்கும் நிக்கோபார் தீவுகளுக்கும் அப்பால் சென்றால்தான் அத்தகைய கடல் கிடைக்கும். அங்கே மேல்நீர் சுமார் 28 பாகை செல்சியஸ் வெப்பத்தோடு இருக்கும். கீழே இறங்க இறங்க, ஓர் ஆழத்துக்குப் பின் வெப்பம் சட்டென்று குறையும். 200, 300 மீட்டர் ஆழத்தில் நீர் நம் குளிர்மலை நாட்டு விடியற்காலையைப் போலக் குளிர்ந்துவிடும். பெருங்கண் சூரை பகற்பொழுதை அந்தக் குளிரில் கழிக்கிறது. இரவில் மேலே ஏறி வருகிறது. அல்பகோரோ ஆண்டின் பெரும்பகுதியைத் தென்திசையின் குளிர்ந்த கடல்களில் கழிக்கும் மீன்.

குளிர்நீரில் வாழும் மீனின் உடம்பும் குளிர்ந்திருக்கும் என்று நினைப்போம். சூரை அந்த விதிக்கு விலக்கு. ஜான் டேவி என்னும் ஆங்கில இராணுவ மருத்துவர், சூரையின் உடல் வெப்பம் சுற்றியுள்ள கடல்நீரைவிட ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் அதிகமாக இருந்ததை 1835இல் எழுதி வெளியிட்டார். ஓயாமல் நீந்தும் தசையில் உண்டாகும் சூடு வெளியே போய்விடாதபடி, அதன் இரத்தக் குழாய்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஓடுகின்றன. வெளியேறும் சூடான இரத்தம், உள்ளே வரும் குளிர்ந்த இரத்தத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்துவிடுகிறது. அதனால்தான் இந்த மீன் குளிர்நீரிலும் விரைவாகப் பாய்ந்து இரை பிடிக்கிறது. மாக்கடலைக் கடந்து பயணம் செய்கிறது.

அதே சூடுதான் பிடித்தவருக்குத் தொல்லையும் ஆகிறது. தூண்டிலில் மாட்டிப் போராடிய சூரையின் உடம்பு இன்னும் சூடாகிவிடும். உடனே இரத்தத்தை வடித்து, குடலை எடுத்து, குளிரில் வைக்காவிட்டால் சதை வெந்ததுபோல் வெளுத்துக் கெட்டுவிடும். நம் வேலையோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். இறக்கிய ரப்பர்ப் பாலை நேரத்தோடு சேர்க்காவிட்டால் கோப்பையிலேயே உறைந்துவிடுகிறது. வெட்டிய செம்பனைக் குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்கு அனுப்பாவிட்டால் எண்ணெயின் தரம் இறங்குகிறது. பால் வெட்டுவோர் கையில் மரம் இருந்தாலும், ஆலையை வைத்திருப்பவரே விலையைச் சொல்கிறார். சூரை மீன் தொழிலிலும் இதே கதைதான். அங்கே ஆலைக்குப் பதில் குளிர். குளிரை யார் வைத்திருந்தாரோ அவரே மீனையும் வைத்திருந்தார். பினாங்கின் கதை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

குளிர்ப்பெட்டி இல்லாத பழங்காலத்தில் என்ன செய்தார்கள்? மாலத்தீவு மக்கள் அதற்கு வழி கண்டிருந்தார்கள். சூரையை வேகவைத்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்துக் கட்டைபோல் ஆக்கினார்கள். அதுவே மாசிக் கருவாடு. யாழ்ப்பாணத்துச் சமையலை அறிந்தவர்களுக்கு மாசியின் மணம் தெரியும். 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த இபின் பதூதா என்னும் அராபியப் பயணி, அந்த மீன் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதியானதைக் குறித்திருக்கிறார். அந்நாளில் நெருப்பும் வெயிலும் போதும். எந்தத் தீவிலும் யாரும் செய்யலாம். ஆகவே மீன் பிடித்தவர் கையிலேயே வாணிபத்தின் ஒரு பங்கு நின்றது.

இனிப் பினாங்குக்கு வருவோம். 1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றிய காலம் முதல் ஜார்ஜ் டவுன் ஒரு தீர்வையில்லாத் துறைமுகமாக வளர்ந்தது. மேற்கிலிருந்து வரும் கப்பல் நீரிணைக்குள் நுழைந்ததும் ஒதுங்குவதற்கு வாய்த்த இடம் அது. நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட நம் முன்னோர் கால் வைத்த கரையும் அதுவே. அங்கே மூட்டை தூக்கிய துறைமுகத் தொழிலாளர்களில் தமிழர் மிகப் பலர். குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் அந்தப் பழைய தமிழ்க் குடியிருப்பின் நினைவாக இன்றும் நிற்கிறது. குடிநீர், எண்ணெய், ஐஸ் கட்டி, அரிசி, காய்கறி, பழுது பார்க்கும் பட்டறை ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் கிடைத்தன. மாக்கடலில் மாதக்கணக்கில் கிடக்கும் மீன்பிடிக் கப்பலுக்கு இவைதானே வேண்டும்!

அத்தகைய கப்பல்கள் வரத் தொடங்கிய காலம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தியது. போரில் தோற்ற ஜப்பானின் மீன்பிடிக் கப்பல்கள் தம் நாட்டை ஒட்டிய கடலை விட்டு வெளியே போகாதபடி அமெரிக்க ஆட்சி ஓர் எல்லை கட்டியிருந்தது. 1952இல் அந்த எல்லை நீங்கியது. அதே ஆண்டில் ஜப்பானியச் சூரைக் கப்பல்கள் இந்துமாக்கடலுக்குள் நுழைந்தன. தைவான் கப்பல்கள் 1954 முதல் வந்தன. 1957இல் கொரியாவின் ஜினாம் என்னும் சோதனைக் கப்பல் பூசானிலிருந்து புறப்பட்டு, ஆகஸ்டு மாதத்தில் நிக்கோபார் தீவுகளை அடுத்த கடலில் தன் முதல் சூரையைப் பிடித்தது. கொரியாவின் தூரக்கடல் மீன்பிடித் தொழில் அங்கிருந்தே தன் வரலாற்றைத் தொடங்குகிறது. அந்த இடம் நம் நீரிணையின் வாய்க்கு நேர் எதிரே இருப்பது. நம் வாசலுக்கு எதிரே பிறர் வந்து பயிரிட்டு அறுவடை செய்ததைப் போன்ற நிலை அது.

அவர்கள் மீன் பிடித்த முறை என்ன? வலை இல்லை, நீண்ட தூண்டில் கயிறு. தாய்க்கயிறு ஒன்றைக் கப்பல் ஓட ஓடக் கடலில் விட்டுக்கொண்டே போவார்கள். அதன் நீளம் நூறு கிலோமீட்டரையும் எட்டக்கூடும். பினாங்கிலிருந்து ஈப்போவுக்குக் கிட்டத்தட்ட எட்டிவிடும் கயிறு என்று நினைத்துக்கொள்ளலாம். இடையிடையே மிதவைகள். மிதவைகளுக்கு இடையில் கிளைக்கயிறுகள். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் கணவாயோ சிறு மீனோ கோத்த கொக்கி. ஒரே நாளில் இரண்டாயிரம், மூவாயிரம் கொக்கிகள் இறங்கும். இறக்குவதற்குச் சில மணி நேரம். ஏற்றுவதற்கோ பத்து மணி நேரத்துக்கும் மேல். இரண்டு மிதவைகளுக்கு இடையே கொக்கிகளைக் கூட்டினால் கயிறு தாழ்ந்து தொங்கும். 1970களில் ஜப்பானியர் இவ்வாறு கயிற்றைத் தாழ்த்தி, குளிர்ந்த ஆழத்திலிருக்கும் பெருங்கண் சூரையைக் குறிவைத்தார்கள்.

1950களிலும் 1960களிலும் பிடித்த மீனில் பெரும்பகுதி டின்னில் அடைப்பதற்கே போயிற்று. வாங்கியவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்தார்கள். கப்பலிலிருந்த குளிர் அறை நீண்ட நாள் தாங்காது. ஆகவே மீன்பிடிக் களத்துக்குப் பக்கத்தில் கரையில் ஒரு குளிர்சேமிப்புக் கிடங்கு தேவைப்பட்டது. பினாங்குக்கு வேலை கிடைத்தது இந்தத் தேவையினால்தான். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானிய முதலும் மலாயா முதலும் சேர்ந்த கூட்டு முயற்சி ஒன்று பினாங்கில் சூரை மீன் தொழிலைத் தொடங்கியது. தைவான், கொரியக் கப்பல்களுக்கும் பினாங்கு ஒரு தங்குதுறை ஆயிற்று. சிங்கப்பூரும் மொரீசியசு நாட்டின் போர்ட் லூயிசும் அதேபோன்ற மற்றத் தங்குதுறைகள்.

நேயர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கப்பல் அயலாருடையது. கயிறும் கொக்கியும் அயலாருடையவை. மீன் எங்கே இருக்கிறது என்னும் அறிவும் அவர்களுடையது. வாங்குவோரும் வெளிநாட்டார். பினாங்கு கொடுத்தது கரையும் குளிரும் கூலியும் மட்டுமே. இவற்றுள் குளிர் ஒன்றுதான் பேரம் பேசும் பலம் தந்தது. அதுவும் நெடுநாள் நிலைக்கவில்லை.

ஏன் நிலைக்கவில்லை என்றால், குளிரே கப்பலில் ஏறிக்கொண்டது. ஜப்பானில் மக்களின் வருவாய் உயர்ந்தபோது சூரையைப் பச்சையாக உண்ணும் வழக்கம் பெருகியது. பச்சையாக உண்பதற்குச் சதை செந்நிறம் மாறாமல் இருக்க வேண்டும். சாதாரண உறைகுளிரில் சில மாதங்களில் அது பழுப்பாகிவிடும். சுழிக்குக் கீழே 60 பாகைவரை குளிரூட்டினால் நெடுங்காலம் அப்படியே இருக்கும். இத்தகைய இயந்திரங்களைப் பொருத்திய பெரிய கப்பல்கள் வந்த பிறகு, பிடித்த மீனைக் கப்பலிலேயே மாதக்கணக்கில் வைக்க முடிந்தது. கடலிலேயே வேறு கப்பலுக்கு மாற்றி நேரே ஜப்பானுக்கு அனுப்பவும் முடிந்தது. நடுவில் ஒரு துறைமுகத்தின் கிடங்கு எதற்கு? டின்னில் அடைக்கும் தொழிலும் இடம் மாறியது. தாய்லாந்து அதைப் பெருமளவில் வளர்த்து, உலகிலேயே மிக அதிகமாக டுனா டின் ஏற்றுமதி செய்யும் நாடாகியது.

1980களின் இறுதியில் பினாங்குக்கு இரண்டாவது முறையாக வாய்ப்பு வந்தது. இம்முறை சிறிய தைவான் கப்பல்கள் வந்தன. அவை மீனை உறைய வைக்காமல் ஐசில் புதைத்துச் சில வாரங்களுக்குள் கரைக்குக் கொண்டுவந்தன. கரையில் தரம் பிரித்து, நல்ல மீனைப் பெட்டியில் அடுக்கி விமானத்தில் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். பாயான் லெப்பாஸ் விமான நிலையம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது இதற்கு உதவியது. ஆனால் அந்தக் கப்பல்களுக்கும் வேர் கிடையாது. மீன் எங்கே அதிகமோ, எண்ணெய் எங்கே மலிவோ, விமானம் எங்கே வசதியோ அங்கே அவை போய்விடும்.

நாமே ஏன் பிடிக்கக் கூடாது என்று கேட்பீர்கள். மலேசியா 1980இல் தன் பொருளாதாரக் கடலெல்லையை அறிவித்தது. 1984இல் அதற்குச் சட்டம் இயற்றியது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன் வளம் கரைநாட்டுக்கே உரியது என்பது இந்த ஏற்பாட்டின் பொருள். ஆனால் மேற்குக் கரையில் நமக்கு எதிரே சுமத்திரா படுத்துக் கிடக்கிறது. எல்லைக்கோடு நீரிணையின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. பெரிய சூரை திரியும் குளிர்ந்த ஆழ்கடல் பிற நாடுகளின் எல்லைக்குள்ளோ, யாருக்கும் உரிமையற்ற நடுக்கடலிலோ இருக்கிறது. நடுக்கடலில் மீன் பிடிக்கவும் தூரக்கப்பலும் பழகிய ஆட்களும் பன்னாட்டு விதிகளுக்கு உட்பட்ட பதிவும் வேண்டும். இந்துமாக்கடல் சூரை ஆணையம் என்னும் அமைப்பு 1996 முதல் செயல்படுகிறது. அதன் தலைமையகம் செஷெல்ஸ் தீவில் உள்ளது. மலேசியா 1998இல் அதில் உறுப்பினரானது.

2000க்குப் பிந்திய முதற் பத்தாண்டில் மலேசியக் கொடி பறக்கும் தூண்டில் கப்பல்கள் இந்துமாக்கடலில் இறங்கின. பினாங்குத் தீவின் தென்கிழக்கு மூலையில் பத்து மாவுங் என்னும் ஊரில் பன்னாட்டுச் சூரைத் துறைமுகம் என்ற பெயரோடு ஒரு துறைமுகமும் அமைந்தது. பெருமகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் 2011, 2012 ஆண்டுகளையொட்டி மலேசியக் கப்பல்கள் தங்கள் குறியை மாற்றிக்கொண்டன. வெப்பக் கடலின் மஞ்சள் துடுப்பையும் பெருங்கண்ணையும் விட்டு, தென்மேற்கு இந்துமாக்கடலின் குளிர்நீரில் கிடைக்கும் அல்பகோரைத் தேடிப் போயின. அந்தக் களம் பினாங்கிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தூரம். பிடித்த மீனை இறக்கப் பினாங்குக்குத் திரும்பி வருவது கட்டாது. ஆகவே அவை மொரீசியசின் போர்ட் லூயிசிலேயே மீனை இறக்கின. கொடி நம்முடையதாக இருந்தும் மீன் நம் கரைக்கு வரவில்லை.

போர்ட் லூயிஸ் என்ற பெயர் தமிழர்களாகிய நமக்குப் புதியதன்று. 1834 முதல் மொரீசியசின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களைக் கொண்டுபோய் இறக்கிய துறைமுகம் அது. அவர்களில் தமிழரும் இருந்தார்கள். அவர்கள் ஏறி வந்த படித்துறை உலக மரபுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. நம் பக்கத்திலும் அத்தகைய இடம் ஒன்று உண்டு. பத்து மாவுங்குக்கு அருகே கடலில் தெரியும் ஜெரெஜாக் தீவில்தான், கப்பலில் வந்த நம் முன்னோர் நோய்த் தடுப்புக்காகப் பல நாட்கள் நிறுத்தி வைக்கப்பட்டார்கள். 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தின் ஒரு முனை பத்து மாவுங். மறுமுனை பத்து கவான். அந்தப் பத்து கவானும் ஒரு காலத்தில் நம்மவர் கரும்பும் ரப்பரும் வளர்த்த தோட்ட மண்ணே. சூரையின் பாதையைப் பின்தொடர்ந்து போனால் நம் பாட்டன் பூட்டன் வந்த பாதையிலேயே போய்ச் சேருகிறோம்.

இதை வெறும் தற்செயல் என்று நாம் விட்டுவிடக் கூடாது. தூண்டில் கப்பலில் வேலை செய்பவர்களின் கதையைக் கேட்டால் அது புரியும். தொடக்கத்தில் ஜப்பானியரும் தைவானியரும் கொரியரும் தம் கப்பல்களில் தாமே உழைத்தார்கள். அந்நாடுகளில் கூலி உயர்ந்த பிறகு, இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பீன்சிலிருந்தும் இளைஞர்களைத் தரகர் மூலம் எடுத்தார்கள். முன்பணம் கொடுப்பது, அதைச் சம்பளத்தில் பிடிப்பது, கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வது என்பவையெல்லாம் அந்தத் தொழிலில் நடந்திருக்கின்றன. மாதக்கணக்கில் கரை காணாமல், நாளொன்றுக்குப் பதினாறு மணி, பதினெட்டு மணி நேரம் கயிறு இழுத்தவர்கள் உண்டு. நம் தாத்தாக்கள் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறிய கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி மூலம் ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. தரையில் ஒழிந்த வழக்கம் கடலில் வேறு பெயரில் இருந்தது. தரையில் தோட்டத்தை விட்டு ஓடிப் போகவாவது ஒரு பாதை உண்டு. நடுக்கடலில் அதுவும் இல்லை.

மீன்பிடித் தொழிலாளருக்கென்று உலகத் தொழிலாளர் நிறுவனம் 2007இல் ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. எழுத்து மூலமான வேலை ஒப்பந்தம், ஓய்வு நேரம், குறைந்தபட்ச வயது முதலியவற்றை அது வகுத்தது. அது நடைமுறைக்கு வந்தது 2017இல்தான். நம் தோட்டத் தொழிலாளர் சங்கம் கட்டி, கேட்டு, போராடிப் பெற்றவை கடலுக்குப் போய்ச் சேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது. ஒரு டின் மீனின் விலை மலிவாக இருக்கும்போது, அந்த மலிவில் யாருடைய தூக்கம் கலந்திருக்கிறது என்று கேட்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. உழைத்துப் பழகிய நமக்கு அந்த உரிமை சற்றுக் கூடுதலாகவே உண்டு.

தமிழர்கள் யாரும் இந்த மீனைப் பிடிப்பதில்லையா என்றால், பிடிக்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் தூண்டில் கொண்டு ஆழ்கடலில் சுறாவும் சூரையும் பிடிப்பதில் பெயர் பெற்றவர்கள். படகின் அடியில் ஐசை நிரப்பிக்கொண்டு வாரக்கணக்கில் அரபிக்கடலில் தங்குவார்கள். அவர்களுடைய படகும் அறிவும் அவர்களுடையவே. ஆனால் அவர்கள் குளிர் ஐசு உருகும்வரைதான். கடலின் சீற்றத்திலிருந்தும் அவர்களுக்குப் பாதுகாப்புக் குறைவு. 2017 நவம்பர் இறுதியில் அடித்த ஒக்கிப் புயலில் அந்த வட்டாரம் பல குடும்பத் தலைவர்களை இழந்தது. சொந்தப் படகு வைத்திருப்பது பெரிது. அதற்கேற்ற செய்தித் தொடர்பும் பாதுகாப்பும் அதைவிடப் பெரிது என்பதை அந்தத் துயரம் கற்பித்தது.

இன்னொரு கவலையும் உண்டு. எத்தனை கப்பல் போனாலும் கடல் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்று மனிதர் நினைத்தார்கள். இந்துமாக்கடலின் மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்று 2015இல் அறிவியலார் கணித்தார்கள். அடுத்த ஆண்டே பிடிப்பைக் குறைக்கும் விதிகளைச் சூரை ஆணையம் கொண்டுவந்தது. மரத்துக்கு ஓய்வு கொடாமல் நாள்தோறும் வெட்டினால் பட்டை வற்றிப் பால் நின்றுவிடும் என்பதைப் பால்வெட்டுத் தொழிலாளி யாரிடமும் படிக்க வேண்டியதில்லை. கடலுக்கும் அந்தக் கணக்கு உண்டு.

வீட்டில் சமைப்போருக்கு ஒரு சொல். தொங்கோலோ கெம்போங்கோ எதுவானாலும், வெயிலில் நெடுநேரம் கிடந்த மீனை வாங்காதீர்கள். சூடேறிய இவ்வகை மீனின் சதையில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகும். உண்டவருக்கு முகம் சிவக்கும்; உடம்பு அரிக்கும்; தலை வலிக்கும்; வாந்தியும் வரலாம். எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும், புளியும் மிளகாயும் எவ்வளவு சேர்த்தாலும் அந்த நச்சு அழியாது. மீனை ஐசோடு வாங்கி, வந்தவுடன் கழுவிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். டின்னை உடைத்த பிறகு மிச்சத்தை அதிலேயே விடாமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிரில் வையுங்கள். மாக்கடலில் கப்பல்காரர் காக்கும் அதே விதி அடுப்படிக்கும் பொருந்தும்.

இப்போது நம் மாணவனின் கேள்விக்குப் பதில் சொல்லலாம். "தம்பி, இந்த மீன் பினாங்கில் பிடிபட்டதன்று. பினாங்குக்கு அப்பாலுள்ள குளிர்ந்த மாக்கடலில் பிடிபடுவது. பினாங்கு இதற்கு இரண்டு மூன்று முறை வாசலாக இருந்தது. வாசலாக மட்டும் இருந்ததால் வந்தவர்கள் போய்விட்டார்கள்." எம் பதிலைக் கேட்ட அந்த மாணவன் சற்று யோசித்து, "அப்படியானால் கப்பலும் குளிர்ப்பெட்டியும் நம்மிடம் இருக்க வேண்டும், அல்லவா சார்?" என்றான். கூடவே இன்னொன்றும் வேண்டும் என்று சொன்னோம். கப்பலை ஓட்டவும், குளிர் இயந்திரத்தைப் பழுது பார்க்கவும், கடலை அளக்கவும் தெரிந்த பிள்ளைகள் வேண்டும்.

நேயர்களே, அந்தப் படிப்புகள் எட்டாத தூரத்தில் இல்லை. மீன்வள ஆய்வு நிலையம் ஒன்று பத்து மாவுங்கிலேயே இருக்கிறது. குளிர் இயந்திரத் தொழில், கப்பல் இயந்திரத் தொழில், கடல் அறிவியல் ஆகியவற்றைக் கற்பிக்கும் பயிற்சி நிலையங்களும் பல்கலைக்கழகங்களும் நம் நாட்டில் உள்ளன. நம் பிள்ளைகளுக்கு டாக்டர், வக்கீல், ஆசிரியர் என்ற மூன்று பெயர்களையே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். இந்தப் பெயர்களையும் சேர்த்துச் சொல்வோம். நிலத்தில் உழைத்தும் நிலம் நமக்குச் சொந்தமாகவில்லை என்ற ஏக்கம் நம் குடும்பங்களில் இன்னும் ஆறவில்லை. தொழிலறிவை மட்டும் ஒருவர் நம்மிடமிருந்து திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது. கப்பல் போய்விடலாம், கிடங்கை மூடிவிடலாம். குளிரை உண்டாக்கத் தெரிந்த கை எந்தத் துறைமுகத்திலும் பிழைக்கும்.

அடுத்த விடுமுறையில் இரண்டாம் பாலத்தைக் கடக்கும் குடும்பங்கள், பத்து மாவுங் பக்கம் சற்று நின்று பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுங்கள். இந்தப் பக்கம் ஜெரெஜாக் தீவு. அந்தப் பக்கம் மீன் துறைமுகம். நம்மவர் எப்படி வந்தார்கள் என்பதையும், இனி எப்படிப் போகலாம் என்பதையும் ஒரே இடத்தில் நின்று சொல்லிவிடலாம்.